“நடப்பாவோ?”: பெரியம்மாவின் டயக்னோசிஸ் கார்ட்டை வாசிக்கப் பழகியபோது

பெரியம்மாவை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டயக்னோசிஸ் கார்ட் தந்தார்கள். ஒரே ஒரு தாள். முழுவதும் ஆங்கிலம், அதிலும் பாதி வெறும் எழுத்துகள். பெரியம்மாவின் மகள் அதைப் பொலித்தீன் பையில் போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட தன் அண்ணாவின் முறைப்பாட்டுக் கடிதங்கள் இருக்கும் கோப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். “அக்கா, நீங்கள் படிச்சனீங்கள்தானே, இதில என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ” என்றாள். நான் படித்தது ஊடகக் கற்கை. அந்தத் தாளில் எனக்கு விளங்கியது பெரியம்மாவின் பெயரும் 63 என்ற வயதும்தான்.

கனடாவிலிருந்து மாமா ஒவ்வொரு நாளும் இரவு எடுப்பார். அவருக்கு ஒரே கேள்விதான். “நடப்பாவோ?” வாட்டில் வைத்தியரிடம் நாங்களும் அதையேதான் கேட்டோம். “இப்ப சொல்ல ஏலாது” என்றார். அவர் எதையோ மறைக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு விளங்க மாதங்கள் எடுத்தன. கிளினிக்கில் வைத்தியரிடமும், இயன்மருத்துவரிடமும், பேச்சுச் சிகிச்சையாளரிடமும் கேட்டுக் கேட்டு அந்தத் தாளை வரி வரியாக வாசிக்கப் பழகினேன். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இப்படியொரு தாள் இருக்கிறது. அந்த வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் காலை

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பெரியம்மா புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலை ஐந்து மணிக்கு எழும்ப முயன்றவர் கட்டிலடியில் விழுந்துவிட்டார். வாய் இடப்பக்கமாக இழுபட்டிருந்தது. வலது கை தொங்கியது. ஏதோ சொல்ல முயன்றார், சொல்லாக வரவில்லை. உடம்பில் சீனி குறைந்துவிட்டது என்று நினைத்துத் தங்கச்சி சீனித் தேத்தண்ணி பருக்கினாள். பெரியம்மாவுக்குப் புரைக்கேறியது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றி ஆறரை மணிக்கு வைத்தியசாலைக்குப் போய்விட்டார்கள்.

அங்கே வைத்தியர் முதலில் கேட்டது, “கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தவ?” என்றுதான். “ஒன்பது மணிக்கு” என்றாள் தங்கச்சி. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் பின்னர்தான் தெரிந்தது. மூளையின் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் அதைப் போட வேண்டும். பிந்தினால் பயன் குறைந்து, மூளைக்குள் குருதி கசியும் ஆபத்துக் கூடும். அந்த நான்கரை மணித்தியாலம் நாங்கள் கண்ட நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படும். பெரியம்மாவுக்கு அது இரவு ஒன்பது மணி. ஐந்து மணிக்கே பறந்து போயிருந்தாலும் நேரம் கடந்துதான் இருந்திருக்கும்.

தங்கச்சி பல வாரங்கள் “நான் தேத்தண்ணி குடுத்ததாலதானே” என்று அழுதாள். தேத்தண்ணியால் பாரிசவாதம் வராது. ஆனால் விழுங்கும் தசைகளும் சோர்ந்திருக்கும் வேளையில் குடிக்கக் கொடுப்பது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கலாம். பாரிசவாதம் வந்தவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால் எதையும் பருக்க வேண்டாம். டிஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். அது அடைப்பா கசிவா என்று ஸ்கான் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது, கசிவென்றால் அந்த மாத்திரை கேட்டைக் கூட்டும். நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

முதல் வரி: லெஃப்ட் எம்.சி.ஏ. இன்ஃபார்க்ட்

எம்.சி.ஏ. என்பது மூளையின் பக்கவாட்டுக்குக் குருதி கொண்டுபோகும் பெரிய நாடி. இன்ஃபார்க்ட் என்றால் குருதி கிடைக்காமல் இறந்துபோன பகுதி. லெஃப்ட் என்றால் இடது. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. அதனால்தான் காயம் இடப்பக்கத்தில், விழுந்தது வலது கையும் காலும். “தாள்ல இடம் எண்டு பிழையா எழுதிப்போட்டினம்” என்று அயலவர் ஒருவர் எங்களைக் குழப்பியிருந்தார். அது பிழையல்ல.

பாரிசவாதம் இரண்டு வகை. ஒன்று குழாய் அடைபடுவது, மற்றது குழாய் வெடித்து மூளைக்குள் குருதி கசிவது. கூடுதலானவை அடைப்பினால் வருபவை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிகிச்சை நேரெதிர். அதைப் பிரித்தறியவே சீ.ரி. ஸ்கான்.

எங்களுக்கு வந்த முதல் சந்தேகமும் அந்த ஸ்கானால்தான். முதல் நாள் எடுத்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மாமா அங்கிருந்து, “ஸ்கான்ல ஒண்டும் இல்லையெண்டா அது பாரிசவாதமே இல்லை, வேறை இடத்தில காட்டுங்கோ” என்றார். ஆனால் அடைப்பு வந்த முதல் மணித்தியாலங்களில் சீ.ரி. ஸ்கான் ஏறக்குறைய சாதாரணமாகவே தெரியலாம். அப்போது அது முக்கியமாகக் காட்டுவது, கசிவு இல்லை என்பதைத்தான். இறந்த பகுதி தெளிவாகத் தெரிய ஒரு நாள் இரண்டு நாள் எடுக்கும். மூன்றாம் நாள் எடுத்த ஸ்கானில் அது தெரிந்தது.

அதே மூன்றாம் நாள் பெரியம்மா இன்னும் சோர்ந்து, கண் திறக்காமல் கிடந்தார். மருந்து பிழைத்துவிட்டது என்று பயந்தோம். காயப்பட்ட மூளை வீங்கும். அந்த வீக்கம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்துக்கு வரும், பிறகு வற்றத் தொடங்கும். “இப்ப சொல்ல ஏலாது” என்று வைத்தியர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இறந்தவை திரும்பா. ஆனால் இறந்த பகுதியைச் சுற்றி, சாகாமல் மயங்கிக் கிடக்கும் கலங்களும் இருக்கும். அவற்றில் எவ்வளவு எழும்பும் என்பதை முதல் நாட்களில் எவராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் வரி: ரைட் ஹெமிபரேசிஸ்

வலப்பக்கப் பலவீனம். அசைவே இல்லையென்றால் வேறு சொல் எழுதுவார்களாம். பரேசிஸ் என்றால் கொஞ்சமாவது அசைவு இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் தேடிய நம்பிக்கை இருந்தது, எங்களுக்கு வாசிக்கத்தான் தெரியவில்லை.

“நடப்பாவோ?” என்ற கேள்விக்கு இயன்மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் சில உண்டு. முதல் நாட்களிலேயே பிடிக்காமல் கட்டிலில் நிமிர்ந்து இருக்க முடிகிறதா, விழுந்த காலில் சிறிதேனும் பலம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டும் விரைவாக வந்தால் நடப்பதற்கான வாய்ப்புக் கூட. கைக்கு, விரல்களை விரிக்க முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். பொதுவாகக் கால் முந்தித் தேறும், கை பிந்தும், விரல்கள் எல்லாவற்றுக்கும் பிந்தும். பெரியம்மா ஐந்தாம் நாள் சாய்ந்து சாய்ந்தென்றாலும் தனியே இருந்தார். விரல்கள் அசையவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், பின்னர் நடந்ததின் பெரும்பகுதி அன்றைக்கே தெரிந்திருந்தது.

தேறுதல் ஒரே வேகத்தில் போவதில்லை. முதல் மூன்று மாதம் வேகம். ஆறு மாதம்வரை அது குறைந்துகொண்டு போகும். அதன் பின்னும் நிற்பதில்லை, மெதுவாகும். ஆகவே முதல் மூன்று மாதத்தை “கொஞ்சம் தேறட்டும், பிறகு பயிற்சி செய்யலாம்” என்று படுக்கையில் கழிப்பதுதான் பெரிய இழப்பு. இறந்த கலங்களின் வேலையை வேறு கலங்கள் பழகிக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை பழகும்.

நாங்கள் அன்பினால் இரண்டு பிழை விட்டோம். ஒன்று, எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். ஊட்டினோம், முகம் கழுவினோம், தலை இழுத்தோம். இயன்மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, “நீங்கள் எல்லாரும் நல்லாப் பயிற்சி எடுக்கிறீங்கள், அம்மாவுக்குத்தான் ஒண்டும் இல்லை” என்றார். மற்றது, எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்துத் தூக்கினோம். பலமில்லாத தோள்மூட்டு அப்படி இழுத்தால் இறங்கிவிடும். அந்த வலி வந்தால் பயிற்சியே செய்ய முடியாது. இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும், இருக்கும்போது அந்தக் கையைத் தலையணையில் தாங்க வைக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்.

ஊரில் எண்ணெய் வைத்தியம் செய்யச் சொன்னார்கள். மெதுவாகத் தடவுவதில் பெரியம்மாவுக்கு ஒரு சுகம் இருந்தது, தடுக்கவில்லை. இரண்டே நிபந்தனைகள் வைத்தோம். கிளினிக் குளிசைகளை நிறுத்தக்கூடாது. சூட்டு ஒத்தடம் கூடாது, ஏனென்றால் உணர்ச்சி குறைந்த பக்கம் தோல் எரிந்தாலும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் வரி: அஃபேசியா

எங்களை உடைத்த வரி இதுதான்.

பெரியம்மா எதைக் கேட்டாலும் “ஓம்” என்றார். பசிக்கிறதா? ஓம். பசியில்லையா? ஓம். தண்ணிச் செம்பைக் காட்டிக் கேட்டால் வேறு ஏதோ சொன்னார், எந்தப் பொருளும் இல்லாத ஓசை. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் முகத்துக்கு முன்னால் குனிந்து, “என்னைத் தெரியுதோ? நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டார்கள். அவர் அழுதார். “பாவம், அறிவு போயிட்டுது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அஃபேசியா என்றால் அறிவு போவது அல்ல. சொல்லைத் தேடி எடுக்கும் இடம் காயப்படுவது. பெரும்பாலானோருக்கு மொழிக்கான இடம் மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது, பெரியம்மாவின் காயமும் அங்கேதான். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சிலருக்குப் பேசுவதுதான் கடினம், சிலருக்குக் கேட்பதை விளங்குவதும் கடினம், பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஆளை அடையாளம் காண்பது, நினைவு, கோபம், வெட்கம், பாசம் எல்லாம் உள்ளே இருக்கும். சொல் மட்டும் வெளியே வராது.

பேச்சுச் சிகிச்சைக்கு எங்களுக்கு மாதம் ஒருமுறைதான் நாள் கிடைத்தது. முதல் நாளே அந்தப் பிள்ளை ஒன்று செய்து காட்டினார். “ஒன்று, இரண்டு” என்று எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். பெரியம்மா “மூன்று, நாலு, ஐந்து” என்று பத்துவரை போனார். தங்கச்சி வாயில் கை வைத்தாள். பிறகு வீட்டில் வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கும்போது பெரியம்மாவும் சேர்ந்து வரிகளைச் சொன்னார். ஆனால் செம்பைக் காட்டி இது என்ன என்றால் வராது. எண்ணிக்கையும் பாட்டும் தேவாரமும் மனதில் ஊறிய வரிசைகள். அவை புதிதாகச் சொல்லெடுத்துப் பேசும் வழியால் மட்டும் வருவதில்லை, ஆதலால் பலருக்கு அவை மிஞ்சும். அதைக் கேட்டுவிட்டு “எல்லாம் தெரியும், வேணுமெண்டு கதைக்காமல் இருக்கிறா” என்று சொல்வதும் அநியாயம், “ஒன்றும் தெரியாது” என்பதும் அநியாயம்.

அவர் சொல்லித் தந்தவற்றை இங்கே தருகிறேன். ரீவியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்துக் கதையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு சிறிய வசனம். “என்ன வேணும்?” என்று கேட்காமல், தேத்தண்ணியையும் தண்ணியையும் இரண்டு கையில் காட்டுங்கள். வாய் “ஓம்” என்றாலும் தலை எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். பெரியம்மாவின் தலை பெரும்பாலும் சரியாகவே பதில் சொன்னது. சொல்லை நீங்கள் முந்தி முடிக்காமல் காத்திருங்கள். குழந்தையோடு கதைப்பதுபோலக் கதைக்காதீர்கள். பரீட்சை வைக்காதீர்கள். வருகிறவர்களிடம், “நான் இன்னார் வந்திருக்கிறன்” என்று தாங்களே பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்குப் பெரியம்மா ஆரம்பத்திலிருந்தே போனவர். மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், என்ன உடுப்பு, யாரிடம் கொடுத்தார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு மகனின் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்ல முயன்றார். வேறு ஏதோ ஓசை வந்தது. அது பிழை என்று அவருக்கே தெரிந்தது. மீண்டும் முயன்றார். மீண்டும் பிழை.

நான்காம் வரி: எச்.ரி.என்.

உயர் குருதி அமுக்கம். ஊரில் எல்லோரும், “மகனை நினைச்சு நினைச்சுத்தான் இப்படி வந்தது” என்றார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ரோக் என்ற ஆய்வு, பாரிசவாதங்களில் பத்தில் ஒன்பது வரையானவை பத்துக் காரணிகளுடன் தொடர்புபட்டவை என்று கண்டது. மன அழுத்தம் அந்தப் பத்தில் ஒன்று. ஆனால் பட்டியலில் முதலாவது உயர் குருதி அமுக்கம். மகன் திரும்பி வருவது எங்கள் கையில் இல்லை. அமுக்கக் குளிசை எங்கள் கையில் இருந்தது.

பிறகுதான் கிளினிக் கொப்பியைப் பார்த்தோம். ஐந்து மாதத்தில் மூன்று திகதிகள் தவறியிருந்தன. போராட்ட நாள், விசாரணைக்குப் போன நாள், கொழும்புக்குப் பஸ்ஸில் போன நாள். தலை சுற்றினால்தான் குளிசை போடுவார். அமுக்கம் கூடியிருப்பது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அமெரிக்கக் கணக்கின்படி பாரிசவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, ஏற்கனவே வந்தவருக்கு மீண்டும் வருவது. கார்ட்டின் அடியில் எழுதப்பட்ட குளிசைகள் இறந்த பகுதியை உயிர்ப்பிக்க அல்ல, அடுத்ததைத் தடுக்க. ஆகவே “தேறிவிட்டா” என்று நிறுத்தக்கூடாது.

கார்ட்டில் எழுதப்படாதவை

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கலாமா என்று யோசித்தபோது வாட்டில் கேட்டார்கள், “உடம்பில ஷெல் துண்டு ஏதும் இருக்கோ?” தங்கச்சிக்கு முதுகில் ஒன்று இருப்பது தெரியும். 2009இல் பட்டது. வேறெங்கும் இருக்கிறதா? பதில் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா, அவரால் சொல்ல முடியவில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டு அதில் அசையலாம், சூடேறலாம். கண்ணிலோ தலையிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் ஆபத்துப் பெரிது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சீ.ரி. ஸ்கானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எங்கள் மக்களில் எத்தனையோ பேர் இப்படித் துண்டுகளோடு வாழ்கிறார்கள். இன்றைக்கே வீட்டிலுள்ளவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். துண்டு எந்தெந்த இடத்தில், என்ன குளிசை, என்ன ஒவ்வாமை. கேட்கும்போது சொல்ல அவர்களுக்குச் சொல் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மற்றது சோர்வு. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது மூளைக் காயத்தினாலும் வரும், இழப்பினாலும் வரும். பயிற்சியில் மனம் போகாது, சாப்பாடு செல்லாது. இதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் “அவ 2009இல இருந்து அழுறவதானே” என்று நாங்கள் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டோம். பழைய துயரத்துக்குப் பின்னால் புதிய நோய் ஒளிந்திருந்தது. கிளினிக்கில் சொன்னபின் ஒரு குளிசை தொடங்கினார்கள். சில வாரங்களில் பெரியம்மா பயிற்சிக்குத் தானாக எழும்பினார்.

பராமரிப்பவர்களையும் எந்தக் கார்ட்டும் குறிப்பதில்லை. தங்கச்சி ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டாள். மாமா தனியார் வைத்தியசாலைக்கு அனுப்பத் தயாராக இருந்த காசை, கிழமையில் மூன்று நாள் பெரியம்மாவைப் பார்க்க அயலில் உள்ள ஒருவருக்குக் கொடுக்கக் கேட்டோம். முதலில் கோபித்தார். பிறகு அனுப்பினார். எங்களுக்கு எந்த விலையுயர்ந்த ஊசியையும்விட அது உதவியது.

மாமாவுக்குச் சொன்ன பதில்

இப்போது எட்டு மாதம். பெரியம்மா நாலுகால் பொல்லோடு முற்றம்வரை நடக்கிறார். வலது கையால் தோளை உயர்த்துவார், விரல் இன்னும் பிடிக்காது. இடது கையால் சாப்பிடுகிறார். பத்துப் பன்னிரண்டு சொற்கள் வருகின்றன. தங்கச்சியின் பெயரும் என் பெயரும் அதில் உண்டு. கையின் நிலை பெரிதாக மாறாது என்று இயன்மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். பேச்சு அப்படியல்ல, அது ஆண்டுகள் கழிந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம்.

மாமாவிடம் நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். “நடப்பாவோ, பழையபடி வருவாவோ எண்டு கேக்காதையுங்கோ. போன மாசம் செய்யாத எதை இந்த மாசம் செய்யிறா எண்டு கேளுங்கோ.” முதல் கேள்விக்கு வைத்தியராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதுக்குத் தங்கச்சியால் முடியும். அவள் ஒரு கொப்பியில் எழுதி வருகிறாள். எந்த நாள் தனியே இருந்தார், எந்த நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தார் என்று. கிளினிக்குக்குப் போகும்போது அதைத்தான் முதலில் காட்டுகிறோம்.

மகனின் பெயர் இன்னும் முழுதாக வரவில்லை. முதலெழுத்து வருகிறது, அதோடு நிற்கிறது. போன மாதம் பெரியம்மாவை ஓட்டோவில் ஏற்றிப் போராட்டத்துக்குக் கூட்டிப்போனோம். கதிரையில் இருந்து, இடது கையில் படத்தைப் பிடித்திருந்தார். யாரோ வந்து விபரம் கேட்டார்கள். பெரியம்மா முதலெழுத்தைச் சொன்னார். தங்கச்சி முந்திக்கொள்ளாமல் காத்திருந்தாள். பெரியம்மா திரும்பி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான், அவள் மிச்சத்தைச் சொன்னாள்.